நடுச்சுவர்

தம்பி கடப்பாரையை ஓங்கி அண்ணன் வீட்டுக் கதவில் இறக்கியபோது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. அவனுடைய வலது கை விரல் முட்டிகள் தோலுரிந்து, ரத்தமும் சுண்ணாம்புமாக இருந்தன.

எதிர்க்கடைத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தார். வந்தவர் தடுத்தாரா என்றால் அதுதான் இல்லை. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

தெருவுக்கே தெரிந்த பகை அது. அப்பா விட்டுப்போன வீட்டை இரண்டாக்க, ஹாலின் நட்டநடுவே ஒற்றைச் செங்கல்லில் சுவர் எழுப்பி ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பின்வாசல் நிலம் யாருக்கு என்று நடந்த வழக்கில், போன வாரம்தான் அண்ணன் பக்கம் தீர்ப்பாகியிருந்தது.

"அன்னைக்கே நெனச்சேன், இவன் சும்மா இருக்க மாட்டான்னு" என்றார் தையல்காரர், வீடியோவிலும் பதியும்படி.

அந்த நேரம் பார்த்து அண்ணி வந்து சேர்ந்தாள். ஞாயிறானால் புருஷன் வைக்கிற டிவி இரைச்சல் தாங்காமல் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம்தான் திரும்புவாள்.

"அடப்பாவி! கோர்ட்ல தோத்துட்டு இப்போ ஆளையே தீர்க்க வந்துட்டியா?"

"சாவியக் குடுங்க அண்ணி!"

அந்த வாயிலிருந்து 'அண்ணி' என்று வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"முதல்ல என்னைக் கொல்லு. அப்புறம் உள்ள போ. டெய்லரண்ணே, போலீஸக் கூப்பிடுங்கண்ணே!"

வீடியோவை நிறுத்த மனமில்லாமல் நிறுத்திவிட்டு, தையல்காரர் போலீஸுக்குப் போன் போட்டார்.

தம்பி அதற்கு மேல் கெஞ்சவில்லை. அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுப் பூட்டின் மேலேயே இரண்டு போடு போட்டான். கதவு வாயைப் பிளந்தது. அலறிக்கொண்டே பின்னால் ஓடிய அண்ணி, உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

டிவி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தரையில் அண்ணன் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, மூச்சு மட்டும் இருந்தது.

தம்பி கடப்பாரையை எறிந்துவிட்டு அவரை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தான். தையல்காரர், சொல்ல வேண்டும், இந்தத் தடவை செல்போனைத் தொடவில்லை. ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. இன்னும் அரை மணி போயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. பேச்சு வருமான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். கடப்பாரைக் கதையைக் கேட்டுக்கொண்டு, தம்பியின் கையையே பார்த்தார்.

"கதவு பூட்டியிருந்திருக்கு. உள்ள ஆள் விழுந்து கிடக்குறது உனக்கு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?"

அண்ணியும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அதே கேள்விதான். இவன்தான் ஏதாவது செய்திருப்பானோ என்ற பயம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

"தானாடாட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க சார்" என்று தையல்காரர் முந்திக்கொண்டார்.

"சதையும் ஆடல, ஒண்ணும் ஆடல" என்றான் தம்பி. சொல்ல வெட்கமாக இருந்தது அவனுக்கு. பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத விஷயம்.

"ஞாயித்துக்கிழமை டிவில ஃபுட்பால் மேட்ச் சார், எங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சது ஒரே டீம். கோல் விழுந்தா நான் நடுச்சுவர்ல ரெண்டு தட்டு தட்டுவேன், அண்ணன் அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு தட்டு தட்டுவாரு. ஒன்பது வருஷத்துல ஒரு கோலை விட்டதில்ல."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். தம்பி அண்ணி பக்கம் திரும்பினான்.

"இன்னைக்கு ரெண்டாவது கோலுக்கும் அண்ணன் தட்டல, அண்ணி."