கயிற்றின் நீளம்

அருளப்பன் எந்த ஷோரூமிலும் எஞ்சினைப் பற்றிக் கேட்பதில்லை. முன் சீட்டை முழுக்கச் சாய்க்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்து பின் சீட்டு வரை ஒரு கயிற்றை நீட்டிப் பார்ப்பார். முழங்கால்கள் மடங்காமல் படுத்த படுக்கையாகிவிட்ட அவர் மனைவி ஜெயசீலியின் நீளம் அது. அம்மா வீட்டு வாசலில் சொந்தக் காரில்தான் போய் இறங்குவேன், ஆம்புலன்ஸில் ஏற்றினால் வரமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவரால் வாங்க முடிந்த கார்களில் எல்லாம் கயிறு ஒரு சாண் மிஞ்சியது. மிஞ்சாத கார்களை வாங்க வீட்டை விற்கவேண்டும்.

“தையில புதுசு ஒண்ணு வருது சார். நல்ல நீளம், விலையும் கம்மி” என்றான் விற்பனையாளன்.

ஜெயசீலிக்கு டாக்டர் சொல்லியிருந்த கெடு கார்த்திகை மாதம் வரைக்கும்தான்.

அன்று தலையணை அருகே கிடந்த கயிற்றை ஜெயசீலி பார்த்துவிட்டாள்.

“தூங்கும்போது என்னை அளந்தீங்களா? சவப்பெட்டி செய்யத்தானே இப்படி அளப்பாங்க?”

“ஐயோ, காருக்குத்தான்டி. தை வரைக்கும் பொறுத்துக்கோ.”

அவள் கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முழங்கால்களை மடக்கத் தொடங்கினாள். தலையணை வியர்வையில் நனைந்தது.

“இப்ப அளங்க” என்றாள்.