கடைக்குப் போனவள்

மறதி நோய் வந்த அப்பாவுக்குத் துணை நான் ஒருத்திதான். அவரைக் கவனிக்கக் கைபேசியில் போட்ட செயலியில் அண்ணனும் உண்டு. மாதம் ஒரு இதயக்குறி போடுவான்.

"அம்மா எங்கே?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் செயலியில் ஒரு தட்டு தட்டுவேன். எண்ணி வைத்தாற்போல் தினமும் பதினாலு முறை. அம்மா இறந்ததைச் சொல்லித் திரும்பத் திரும்ப அழவைக்காதீர்கள் என்று செயலியே சொல்கிறது. அதனால், "கடைக்குப் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க" என்பேன்.

இன்று சாயங்காலம்வரை எண்ணிக்கை பூஜ்யம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"என்னப்பா, அம்மாவைத் தேடலையா?"

"அதான் காலையிலேயே வந்துட்டாளே." துவைத்த துண்டை மடித்துக்கொண்டே அப்பா குரலைத் தாழ்த்தினார். "உன்னை எங்கேன்னு பதினாலு தடவை கேட்டுட்டா. உண்மையைச் சொன்னா தாங்கமாட்டா. கடைக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லி வச்சிருக்கேன்."