இனிமேல் நான் கொசு

மேனேஜர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"டேய், தப்பா டைப் அடிச்சிருக்கானுங்க. பழைய பேர் இருக்க வேண்டிய இடத்துல புதுப் பேரும், புதுப் பேர் இருக்க வேண்டிய இடத்துல பழைய பேரும் இருக்கு."

"சரியாத்தான் சார் இருக்கு" என்றான் கொசு.

"எது சரி? 'இனிமேல் நான் கொசு என்ற பெயராலேயே அறியப்படுவேன்'னு போட்டிருக்குடா!"

"ஆமா சார். நான் சொல்லித்தான் வக்கீல் எழுதினாரு. கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லைன்னு கீழே நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, மத்ததை அவர் பார்த்துக்குவாராம்."

எதிர் மேஜையில் நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பருக்கு எண்ணிக்கை தப்பிப்போனது.

பாய்லர் ரிப்பேர் செய்யும் அந்தப் பட்டறையில் அவனைக் கொசு என்று கூப்பிடாதவர்கள் கிடையாது. சம்பளப் பட்டியலில் மட்டும் லட்சணமாக வேறொரு பெயர் இருந்தது. அது யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

"ஏம்ப்பா, ராத்திரி உன் வீட்டம்மா கொசுவத்தி கொளுத்தினா நீ வெளியே போய்ப் படுத்துக்குவியா?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

கொசுவும் சேர்ந்து சிரித்தான். மேனேஜருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ சும்மா இருய்யா! ஏன்டா, கொசுன்னு பேர் இருக்கறவன் நல்ல பேரா மாத்திக்கிட்டா அது நியாயம். நல்ல பேரை வெச்சுக்கிட்டு எவனாவது கொசுன்னு மாத்திக்குவானா? பேர் ராசி பார்த்து யாராச்சும் சொன்னானா?"

"இல்ல சார்."

"பந்தயம் கிந்தயம் கட்டித் தோத்துட்டியா?"

"ஐயோ, இல்ல சார்."

"தண்ணி போட்டிருக்கியா?"

"காலங்காத்தாலயா சார்?"

"பெத்தவங்க ஆசையா வெச்ச பேருடா. அதைத் தூக்கிக் குப்பையில போடறேன்னு வந்து நிக்கிறே. மனுஷனுக்குக் கொஞ்சமாவது மானம் ரோஷம் வேணும். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போ!"

தள்ளிவிடப்பட்ட காகிதத்தைக் கொசு எடுக்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. பெரிய லேப்ல. எங்க வம்சத்துலயே டிகிரி வாங்கின மொத ஆளு."

"சந்தோஷம். அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"அவளை ஸ்கூல்ல சேர்த்த அன்னைக்கு எனக்கு இங்க வேலை சார். பக்கத்து வீட்டு அக்காதான் கூட்டிட்டுப் போச்சு. டீச்சர் அப்பா பேர் என்னன்னு கேட்டிருக்காங்க. அக்காவுக்குத் தெரியல. இவ முந்திக்கிட்டு 'கொசு'ன்னு சொல்லியிருக்கா. டீச்சர் சிரிச்சுக்கிட்டே, நிஜப் பேரைச் சொல்லும்மான்னாங்களாம். 'எங்க அப்பா பேரு கொசுதான்'னு ஒரே அழுகையாம். அவங்களும் எழுதிட்டாங்க."

"மறுநாளே போய் மாத்த வேண்டியதுதானே?"

"சின்ன கிளாஸ்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அது அவகூடவே வளர்ந்து டிகிரி வரைக்கும் வந்துடுச்சு. இப்ப வேலை கொடுக்கறவங்க, 'உங்க சர்டிபிகேட்ல இருக்கற அப்பா வேற, அடையாள அட்டையோட வந்து நிக்கிற அப்பா வேற'ங்கறாங்க. அவளோடதை எல்லாம் ஒண்ணொண்ணா மாத்தினா வருஷக்கணக்கா இழுக்குமாம். அதுவரைக்கும் அந்த வேலை காத்துக்கிட்டிருக்குமா சார்? நான் ஒருத்தன் மாறிட்டா வேலை முடிஞ்சுது."

"உன் பொண்ணு இதுக்கு ஒத்துக்கிட்டாளா?"

"அவகிட்ட எங்க சார் சொன்னேன்? சொன்னா, அந்த வேலையே வேண்டாம்னு உட்கார்ந்துடுவா."

ஸ்டோர்கீப்பர் போல்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்குப் பாவமாக இருந்தது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது அவருக்கு.

"எல்லாம் உனக்கு மொதமொதல்ல அந்தப் பேரை வெச்சான் பாரு, அவனால வந்த வினை. எவன்டா அந்த வீணாப்போனவன்?"

கொசு தலையைச் சொறிந்தான். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப? பழகின பேரு. நல்லாத்தான் இருக்கு."

"சொல்லுடா!"

ஸ்டோர்கீப்பர் மெல்ல இருமினார்.

"சார், இவன் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு பாய்லர் ஓட்டைக்குள்ள நுழைய முடியாம எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னோமே. இவன் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு சர்ருனு உள்ள போயிட்டான். 'கொசு மாதிரி பூந்துட்டான்யா'ன்னு கை தட்டிச் சிரிச்சது... நீங்கதானே சார்?"



மேனேஜர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மாற்றப்படப் போகிற அந்தப் பெயரை ஒரு தடவை நிறுத்திப் படித்தார்.

"பாப்பாவை நல்லபடியா வேலையில சேரச் சொல்லு."

"சொல்றேன் சார். ரொம்ப சந்தோஷம் சார்!"

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி நடந்த கொசு வாசலைத் தாண்டியபோது மேனேஜர் சட்டென்று எழுந்து நின்றார். காகிதத்தில் படித்த அந்தப் பெயரைச் சொல்லி, முதல் தடவையாக, வாய்விட்டு அழைத்தார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க!"

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று, கொசு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்.