தள்ளிப் போடலாமா?

பச்சைத் தொப்பிக்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். பயத்துக்கு ஆள் உயரமெல்லாம் தெரியுமா என்ன? கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை யோசிச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"எதை?" என்றார் எதிரே நின்ற ஒரு அம்மா. அவர் தலையிலும் அதே பச்சைத் தொப்பி. அறுபதைத் தாண்டியிருக்கும். குரலில் மட்டும் வயது ஏறவே இல்லை.

"ஆபரேஷனைத்தான். வலி பெருசா இல்லைன்னா ஹெர்னியாவை அப்படியே விட்டுட்டு, அப்பப்போ செக்கப் மட்டும் பண்ணிக்கிட்டு நிம்மதியா இருக்கறவங்க எத்தனையோ பேர்."

"இருந்துட்டுப் போகட்டும். இங்க தும்மினா உயிர் போகுது. நாளைக்குக் குடல் போய் அதுல மாட்டிக்கிச்சுன்னா அடிச்சுப் பிடிச்சு ஓடி வரணும். அது தேவையா?"

"அடுத்த மாசம் வச்சுக்கிட்டா..."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க!"

அவர் வேறு பக்கமாக வந்தார். "சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பண்றதுன்னா முழு மயக்கம் கொடுக்கணும். ஒரே கீறலா கீறிப் பண்ணினா அந்த இடம் மட்டும் மரத்தாப் போதும். அதான் ரிஸ்க் கம்மியோன்னு..."

"ஐயோ சாமி! முழிச்சுக்கிட்டே படுத்து, உள்ள நடக்கற கூத்தையெல்லாம் காதால கேக்கணுமா? தூங்கினோமா, எழுந்தோமான்னு இருக்கணும். ஓட்டைன்னா வலியும் கம்மி, சீக்கிரம் எழுந்து நடமாடலாம். பேசி முடிச்ச விஷயம் இது."

"தசை விட்டுப்போன இடத்துல உள்ள வலை வச்சு அடைக்கணும். அது ஒத்துக்காம சீழ் பிடிச்சா?"

"நூத்துல ஒருத்தருக்கு ஆகலாம். தெரிஞ்சதுதானே?"

"அந்த ஒருத்தர் இன்னைக்கு இந்தக் கட்டில்ல வந்து மாட்டிக்கிட்டா?"

"மீதித் தொண்ணூத்தொம்பது பேர் மட்டும் வேற கட்டில்லயா படுத்தாங்க? நல்லதையே பேசுங்க."

பாவம், அவர் கண் கலங்கிவிட்டது. "வெளிய என் பொண்டாட்டி உக்காந்திருக்கா. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா அவ தாங்கவே மாட்டா. என் கையைப் பாருங்க, எப்படி நடுங்குதுன்னு."

அந்த அம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வெளிய போய்ப் பேசிட்டுத்தான் வந்தேன். அந்தக் கவலையை விடுங்க. சீக்கிரம் முடிஞ்சா நானும் ஒரு வாய் காபி குடிப்பேன். காலையிலேருந்து தொண்டையில ஒண்ணும் இறங்கல."

அவர் விடுவதாக இல்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "வேற டாக்டர் யாராவது பண்ணட்டுமே. ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

வந்ததே கோபம் அந்த அம்மாவுக்கு! "நல்லா இருக்கே கதை! ஹெர்னியான்னா கைராசியான ஆள்னு ஊரே பேர் சொல்லுது. அந்த ஆள் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, வேற யாரோ வந்து கை வைக்கணுமா? என் மானம் என்ன ஆகறது?"

தன்னைத்தானே இப்படிப் புகழ்ந்துகொள்ள ஒரு தைரியம் வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "தியேட்டர் ரெடி. போலாமா?"

அவர் மெல்ல எழுந்தார். அந்த அம்மா அவர் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் முன்னாடி போய்ப் படுக்கறேன் மாப்பிள்ளை, நீங்க கையைக் கழுவிட்டுக் கத்தியோட வாங்க!"