வரிசைக்கு வெளியே ஒரு பானை

"ஏமிரா பாஸ்கர், டி.என்.ஏ. ரிப்போர்ட்டு வந்துடுச்சாமே? எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லு."

தமிழரசுவின் குரலில் கோயில் வாசலே திரும்பியது.

பிச்சாட்டூர் குலதெய்வத்துக்குப் பங்காளிகள் மட்டுமே வரிசையில் பொங்கல் வைக்கலாம். பாஸ்கரின் முப்பாட்டன் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர் என்று தமிழரசு பல வருடமாகச் சொல்லிவந்தார். டெஸ்ட்டும் அவர் யோசனைதான். அவர், இன்னொரு பங்காளி ரகு, பாஸ்கர் மூவரும் எச்சில் கொடுத்தார்கள். திருப்பதியில் வேலை பார்க்கும் பாஸ்கரின் மகள் சுஷ்மிதா அனுப்பிவைத்தாள்.

ஒரே மூதாதை வழி ஆண்கள் என்றால் மூவருக்கும் ஒரே மாதிரி வரும். சேராதவர் பானை வரிசையை விட்டுப் போக வேண்டும். தமிழரசு போட்ட கண்டிஷன்.

பாஸ்கர் எழுந்தார்.

"நீயும் ரகுவும் ஒண்ணு, அண்ணா. என்னுதுதான் சேரலை."

"பாத்தீங்களா! நான் அன்னிக்கே சொன்னேன்!" தமிழரசு தொடையைத் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் அம்மா கங்கம்மாளின் காதில் கத்தினார். "கேட்டியாம்மா? இவங்க நம்ம ரத்தம் இல்லியாம்!"

ரகுவுக்குப் பொறுக்கவில்லை. "விடுண்ணா. இத்தினி வருசம் ஒண்ணா துன்னுகினு இருந்தோம்."

"கண்டிஷன்னா கண்டிஷன்தான்!"

"பெரியப்பா..." என்று சுஷ்மிதா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு," என்றார் பாஸ்கர்.

அவர் மனைவி கல்பனா, பாதி கொதித்த பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். யாரோ சிரித்தார்கள்.

புளியமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி வைத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"உன் வாயாலயே சொல்லணுமா? வந்தேறின்னு ஒத்துக்கினு வந்து நிக்கிறியே! நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

பாஸ்கர் சுள்ளி பொறுக்கினார்.

சுஷ்மிதாவால் தாங்க முடியவில்லை. "நைனா, நான் உன்கிட்ட படிச்சுக் காட்டினது என்ன, நீ அங்க சொன்னது என்ன? உன்னுதும் ரகு சித்தப்பாவுதும்தானே சேர்ந்துது? சேராதது பெரியப்பாவோடது!"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கல்பனா நிமிர்ந்தாள். "என்னது?"

"மெதுவா பேசுங்க," என்றார் பாஸ்கர்.

"ஏன் நைனா? அவங்க வம்சத்துல எந்தத் தலைமுறையில மாறிச்சோ. முப்பாட்டி காலமாகூட இருக்கலாம். அதைச் சொன்னா என்ன?"

பாஸ்கர் சுள்ளியை உடைத்து அடுப்பில் செருகினார்.

"செத்துப்போன முப்பாட்டியை யாரும்மா போய்க் கேக்கப் போறாங்க? உசிரோட குந்திகினு இருக்கிற கங்கம்மா பெரியம்மாவைத்தான் கேப்பாங்க."