அப்பாவின் மூலப்பதிவு

இறந்தவர்களை வீட்டுத் திரையில் பேசவைக்கும் நிறுவனம் ஒன்றில் ஜெபமணி எடிட்டராக இருந்தாள். ஒருவர் உயிரோடிருந்தபோது எடுத்த காட்சிகளைத் தொகுத்து, அவருக்கு ஒரே மூலப்பதிவுதான். அதைக் கொண்டுதான் அவர் தன் பிள்ளைகள் எல்லாருடைய வீட்டிலும் பேசுவார்.

கோவையிலிருந்து வசுமதி வந்திருந்தாள். "அப்பா குடிச்சிட்டுப் பேசுற இடத்தையெல்லாம் எடுத்துருங்க. எம்புள்ளைங்க தாத்தாவ அப்படிப் பாக்க வேண்டாங்க."

நாக்குக் குழறிய காட்சிகளையெல்லாம் ஜெபமணி தேடித் தேடி வெட்டினாள். வெட்டியவற்றை அன்றே அழித்துவிடுவது நிறுவனத்தின் விதி.

மறுவாரம் வசுமதியின் தம்பி இளவழகன் போனில் அழைத்தான்.

"அப்பா இப்பல்லாம் எங்கிட்டப் பேசவே மாட்டேங்கறாருங்க. பேசாம பாத்துட்டே உக்காந்திருக்காரு."

"பழுது ஒண்ணும் இல்லையே சார். உங்க அக்கா கேட்டாங்கன்னு, அவர் குடிச்சிருந்த காட்சிகளை மட்டும் எடுத்தேன்."

"குடிச்சிருந்தா மட்டுந்தாங்க அவரு என்னயப் பக்கத்துல கூப்புட்டுப் பேசுவாரு. அதத் திருப்பிப் போட முடியுங்களா?"

"அழிச்சாச்சு சார்," என்றாள் ஜெபமணி. "உங்க அக்காகிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம். அங்க கொழந்தைங்ககிட்ட நல்லாப் பேசறாராமா."