மேளத்துக்குள் ஒரு குரல்

செவலை என்ற வெள்ளாட்டுக்கு மேளச் சத்தம் என்றால் உயிர். அதன் பழைய ஹெட்போன் கரகரத்தாலும் தலை தானாக ஆடும். ஒருநாள் அது குரங்கின் கடையில் உசத்தியான ஹெட்போன் ஒன்றைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று நெடுநேரம் நின்றது.

"மாட்டிப் பாருங்கண்ணே. இதுவரைக்கும் கேக்காததெல்லாம் கேக்கும்," என்றது குரங்கு.

செவலை மாட்டியது. அதே மேளம்தான். ஆனால் அதன் தோலுக்குள்ளிருந்து, போன திருவிழாவில் பலிக்கு ஓட்டிச்செல்லப்பட்ட அண்ணன் மயிலையின் குரல் கேட்டது.

"செவலை, இந்த வருஷமும் வருவாங்கடா. எல்லாரையும் சேர்த்துக்கிட்டு வேலியை முட்டி உடைச்சிடு."

செவலை ஹெட்போனைக் கழற்றியது.

"என்னண்ணே, சரியில்லையா?"

"சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கு. பின்னாடி யாரோ பேசுறாங்க."

"இங்க வர்ற ஆடுங்க எல்லாமே அதைத்தான் சொல்லுது," என்ற குரங்கு, மேல்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தது. "இது வேண்டாத குரலை அமுக்கிடும். விலைதான் ரெண்டு மடங்கு."

செவலை மாட்டிக்கொண்டது. மேளம் மட்டுமே கேட்டது. தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

"பெட்டியில வச்சுத் தரவா?" என்று குரங்கு பெட்டியைக் காட்டிக் கேட்டது.

"பெட்டி வேணாம். போட்டுக்கிட்டே போறேன்."